ஓஸ்லாவியா: ஒரே குன்றில் இரண்டு வெள்ளை ஒயின்கள்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், கொரீசியா நகரத்துக்கு மேலே, ஸ்லோவேனிய எல்லையை ஒட்டி இருக்கும் சின்னஞ்சிறு ஊர் ஓஸ்லாவியா. 1990களின் நடுவில் இந்த ஊரின் திராட்சை விவசாயிகள் இரண்டு பேர், நன்றாக விற்றுக்கொண்டிருந்த தங்கள் வெள்ளை ஒயினைக் கைவிட்டு வேறு வழியில் போனார்கள். ஒருவர் யோஷ்கோ கிராவ்னர். இன்னொருவர் ஸ்தாங்கோ ராதிகோன். இருவருக்கும் ஒரே மண், ஒரே திராட்சை, ஒரே மழை. ஒயின் அறையில் சேர்மானங்களையும் இயந்திரங்களையும் இருவருமே படிப்படியாக விலக்கினார்கள். ஆனால் ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகத்தின் விஷயத்தில் வேறு வேறு முடிவுக்கு வந்தார்கள்.

இயற்கைத் தோட்டத்தில் விளைந்து, சிறு அளவில், குறைந்த தலையீட்டோடு செய்யப்படும் வெள்ளை ஒயினைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எதையெல்லாம் சேர்க்கவில்லை என்ற பட்டியலைத்தான் வாசிப்பார்கள். ஈஸ்ட் சேர்க்கவில்லை, வடிகட்டவில்லை, குளிரூட்டவில்லை, இப்படி. பட்டியல் சரிதான். ஆனால் வெள்ளை ஒயினில் அந்தச் சேர்மானம் ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆளை நீக்கிவிட்டால் அந்த வேலையை இனி யார் பார்ப்பது? ஓஸ்லாவியாவில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள் சுவாரசியமானவை. வேறு இடத்தில் அப்படியே செல்லுபடியாகுமா என்பது தனி விவகாரம்.

இடமும் திராட்சையும்

இந்தக் குன்றுகளின் மண்ணை இத்தாலியப் பக்கம் போங்கா என்கிறார்கள், ஸ்லோவேனியப் பக்கம் ஒபோகா. பழைய கடலடியில் படிந்த சுண்ணாம்புக் களிக்கல்லும் மணற்கல்லும் அடுக்கடுக்காக இருக்கும். கையில் எடுத்து அழுத்தினால் உதிரும். மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் தானாகவே பொடியாகிவிடும். சத்து குறைவு, வடிகால் அதிகம். கொடி வேகமாகக் கொழுக்காது. குலைகள் குறைவாகவே தங்கும்.

ஊருக்கு மோசமான ஒரு வரலாறும் உண்டு. முதல் உலகப்போரில் இசோன்சோ ஆற்றங்கரைப் போர்கள் இந்தக் குன்றுகளில்தான் நடந்தன. 1938இல் கட்டப்பட்ட நினைவகத்தில் 57,000க்கும் மேற்பட்ட வீரர்களின் எச்சங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் உலகப்போர் முடிந்து 1947இல் போடப்பட்ட எல்லைக்கோடு இந்தப் பகுதியை இத்தாலிக்கும் அன்றைய யூகோஸ்லாவியாவுக்கும் பங்கு வைத்தது. வீடு ஒரு நாட்டில், தோட்டத்தின் ஒரு பகுதி இன்னொரு நாட்டில் என்றானவர்கள் பலர். கிராவ்னர் குடும்பத்துக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் கொடிகள் உண்டு. இருவருமே ஸ்லோவேனிய மொழி பேசும் சிறுபான்மைக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.

திராட்சைக்கு வருவோம். ரிபொல்லா ஜல்லா இந்தப் பகுதியின் பழைய வெள்ளை ரகம். தடித்த தோல், நல்ல புளிப்பு, தாமதமாகப் பழுக்கும் குணம். வாசனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சாற்றை மட்டும் பிழிந்து குளிர்ந்த தொட்டியில் நொதிக்கவிட்டால், எலுமிச்சை கலந்த தண்ணீர் மாதிரி சுத்தமான, லேசான ஒயின் வரும். குறை சொல்ல எதுவும் இருக்காது, குடித்த பத்து நிமிடத்தில் மறந்தும் போகும். இந்த ரகத்தின் பெருமை எல்லாம் தோலில் இருக்கிறது. வழக்கமான வெள்ளை ஒயின் முறையில் முதலில் தூக்கி எறிவதே அந்தத் தோலைத்தான்.

வழக்கமான வழி

ஒப்பிட்டுப் பார்க்க இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குலைகள் வந்ததும் பிழிவார்கள். சாற்றுக்கு உடனே கந்தகம் போடுவார்கள். காற்றுப் பட்டுப் பழுப்பாகாமல் இருக்கவும், காட்டு ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் அடக்கவும். குளிரவைத்துத் தெளியவிட்டு, பையில் வாங்கிய ஈஸ்ட்டைப் போட்டு, 14 முதல் 18 டிகிரி வரை குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் நொதிக்கவிடுவார்கள். முடிந்ததும் புரதக் கலங்கல் வராமல் இருக்க பென்டோனைட் களிமண். பாட்டிலில் உப்புப் படிகம் உட்காராமல் இருக்க உறைநிலைக்கு அருகில் குளிர்ச்சி. கடைசியாக 0.45 மைக்ரான் வடிகட்டி, இன்னொரு தவணை கந்தகம், பாட்டில். அறுவடையிலிருந்து ஆறே மாதத்தில் கடைக்குப் போய்விடலாம்.

கிராவ்னர் இந்த முறையை நன்றாக அறிந்தவர். 1952இல் பிறந்த அவர், இளம் வயதில் பண்ணைக்குப் பொறுப்பேற்றதும் எஃகுத் தொட்டிகளைக் கொண்டுவந்தார். 1980களில் சிறிய புது ஓக் பீப்பாய்களுக்கு மாறினார். இத்தாலியின் சிறந்த வெள்ளை ஒயின்காரர்களில் ஒருவர் என்ற பெயர் அப்போதே வந்துவிட்டது. அதாவது, தொழில்நுட்பம் கைக்கு எட்டாமல் பழைய வழிக்குப் போனவர் அல்லர். இருந்ததை எல்லாம் வாங்கி, பழகி, அதில் ஜெயித்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக வெளியே அனுப்பியவர்.

மாறிய விதம்

1987இல் கிராவ்னர் கலிஃபோர்னியா போய் அங்குள்ள ஒயின்களை நிறையச் சுவைத்துப் பார்த்தார். எங்கே போனாலும் ஒரே மாதிரி இருக்கிறதே என்ற சலிப்போடு திரும்பினார். தான் போய்க்கொண்டிருக்கும் பாதையும் அங்கேதான் முடியும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. ஆனால் அடுத்த நாளே எதையும் மாற்றிவிடவில்லை. அதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

1996இல் ஆலங்கட்டி மழை அவருடைய ரிபொல்லா விளைச்சலின் பெரும்பகுதியை அழித்தது. மிஞ்சிய கொஞ்சம் பழத்தை வைத்து வழக்கமான ஒயின் செய்வதில் லாபமும் இல்லை, அர்த்தமும் இல்லை. எனவே அதைத் தோலோடு நொதிக்கவிட்டுப் பார்த்தார். சிறு அளவுத் தயாரிப்பைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். கெட்டுப்போனால் ஒரு தொட்டி போகும்; பண்ணை நிற்கும். பெரிய ஆலையில் இப்படி ஒரு பரிசோதனைக்கு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

ராதிகோன் இதற்கு ஓராண்டு முன்பே, 1995இல், அதே ரகத்தைத் தோலோடு ஊறவைக்க ஆரம்பித்திருந்தார். இருவரும் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. குளிர்சாதனம் வருவதற்கு முந்தைய தலைமுறை, வெள்ளை ஒயின் அடுத்த அறுவடை வரை கெடாமல் நிற்க வேண்டுமே என்பதற்காகத் தோலோடு ஊறவைத்த பழக்கம் அந்தக் குன்றுகளில் இருந்தது.

அப்புறம் தாழி. 1997இல் கிராவ்னரின் கைக்கு ஜார்ஜியாவிலிருந்து ஒரு சிறிய மண் தாழி வந்து சேர்ந்தது. ஜார்ஜியர்கள் அதை க்வெவ்ரி என்பார்கள். முட்டை வடிவம், அடி கூர்மை, கைப்பிடி கிடையாது, கழுத்துவரை மண்ணில் புதைப்பார்கள். அந்த நாட்டில் கி.மு. 6000 அளவிலேயே ஒயின் செய்யப்பட்டதற்கான ரசாயனத் தடயங்கள் பழைய மண்பாண்டத் துண்டுகளில் கிடைத்திருக்கின்றன. க்வெவ்ரி ஒயின் முறையை யுனெஸ்கோ 2013இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சோசலிச ஆட்சி முடிந்த பின்பும் அங்கே போர் நிலவரம் ஓயவில்லை, எளிதில் போய்வர முடியவில்லை. கிராவ்னர் 2000இல்தான் நேரில் போனார். பெரிய தாழிகளை வரவழைத்து, 2001 அறுவடையிலிருந்து எல்லாவற்றையும் தாழியிலேயே நொதிக்கவிட்டார். இன்று அவருடைய நிலவறைத் தரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் புதைந்திருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் வட்ட வட்டமான வாய்கள் மட்டும்தான் தெரியும்.

தாழிக்குள் நடப்பது

ரிபொல்லாவைத் தாமதமாக, சில ஆண்டுகளில் அக்டோபர் கடைசி வரை விட்டுத்தான் பறிக்கிறார்கள். காம்பு நீக்கிய பழம் தோல், விதை, சாறு எல்லாவற்றோடும் தாழிக்குள் இறங்கும். ஈஸ்ட் போடுவதில்லை. பழத்தோலிலும் நிலவறையிலும் இருக்கிற ஈஸ்ட்களே வேலையைத் தொடங்கும். முதலில் கிளம்பும் வகைகள் பலவீனமானவை. சாராய அளவு நாலைந்து சதவீதத்தைத் தொட்டதும் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அதன் பிறகு சாக்கரோமைசிஸ் என்ற வலுவான ஈஸ்ட் பொறுப்பேற்றுக் கடைசி வரை ஓட்டும். இந்தக் கைமாற்றம் நடக்கும் சில நாட்கள்தான் ஆபத்தானவை. முதல் வகை சோர்ந்து, அடுத்தது இன்னும் பலம் பிடிக்காத அந்த இடைவெளியில் காடிப் பாக்டீரியா உள்ளே நுழையும்.

அதைத் தடுப்பது ஒரு கட்டையும் ஒரு மனிதரும். நொதிக்கும்போது கிளம்பும் வாயு, தோல்களை மேலே தள்ளி ஒரு தடித்த மூடியைப் போல மிதக்கவிடும். அந்த மூடியின் மேற்பரப்பு காற்றில் காய்ந்தால் அங்கேதான் காடி பிடிக்கும். எனவே நீண்ட கட்டையை வைத்து, ஒரு நாளில் பல முறை, அதை அமுக்கிச் சாற்றுக்குள் முக்குவார்கள். இரவிலும் விடமாட்டார்கள். குறைந்த தலையீடு என்ற பெயரைக் கேட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை என்று நினைப்பவர்கள் அறுவடைக் காலத்தில் இங்கே ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம்.

குளிரூட்டி இல்லாமல் சூடு எப்படி அடங்குகிறது? தாழியைச் சுற்றி ஈரமண். தாழிகள் பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் லிட்டர் வரைதான் கொள்ளும்; கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவர்ப்பரப்பு அதிகம் என்பதால், நொதிப்பின் வெப்பத்தை மண் உறிஞ்சிவிடுகிறது. அளவைப் பத்து மடங்கு பெருக்கிப் பாருங்கள், அதே மண் திணறும். சிறு அளவு இங்கே விளம்பரச் சொல்லாக இல்லாமல் குளிரூட்டும் கருவியாகவே ஆகிவிடுகிறது. தாழியின் உட்புறம் தேன்மெழுகு பூசியிருக்கும். அது நுண்துளைகளை அடைத்து, கழுவுவதையும் எளிதாக்குகிறது.

நொதித்து முடிந்ததும் தோல்கள் மெல்ல அடியில் இறங்கும். வாயை மூடிவிட்டு வசந்தம் வரை தொடமாட்டார்கள். குளிர்காலம் முழுக்க ஒயின் தோலோடும் விதையோடும் கிடக்கும். வசந்தத்தில் எடுத்துப் பிழிந்து, இன்னும் சில மாதங்கள் தாழியிலேயே வைப்பார்கள். பிறகு பெரிய பழைய ஓக் பீப்பாய்களில் ஆறு ஆண்டுகள். மொத்தம் ஏழு.

இந்த ஏழு ஆண்டுகளில் பழைய பட்டியலின் வேலைகள் ஒவ்வொன்றாக நடந்துவிடுகின்றன. தோலிலிருந்து வந்த டானின் என்ற துவர்ப்புப் பொருள், கலங்கலை உண்டாக்கும் புரதத்தைப் பிடித்து அடியில் இறக்குகிறது. பென்டோனைட்டின் வேலை முடிந்தது. குளிர்காலங்கள் வந்து போகும்போது உப்புப் படிகங்கள் பீப்பாய்ச் சுவரிலேயே படிகின்றன. செயற்கைக் குளிர்ச்சி வேண்டாம். லாக்டிக் பாக்டீரியா, பழத்தின் புளிப்புகளில் ஒன்றான மாலிக் அமிலத்தை முழுதும் தின்று தீர்த்துவிடுவதால் பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்கக் காரணம் இல்லை. சர்க்கரையும் மிஞ்சுவதில்லை. எனவே நுண்ணிய வடிகட்டியும் தேவைப்படவில்லை. டானினும் அதன் கூட்டாளிகளும் ஆக்சிஜனைத் தாங்கிக்கொள்வதால் கந்தகத்தின் சுமையில் ஒரு பகுதி குறைகிறது.

ஒரு பகுதிதான். முழுவதும் அல்ல என்பதே கிராவ்னரின் தீர்ப்பு. அவர் இன்றும் சிறிதளவு கந்தகம் சேர்க்கிறார், அதை மறைப்பதும் இல்லை.

ராதிகோன் போன வழி

ராதிகோன் தாழிக்குப் போகவில்லை. மேல்வாய் திறந்த கூம்பு வடிவ மரத்தொட்டிகளில் சில மாதங்கள் தோலோடு ஊறவைத்து, பிறகு பெரிய பீப்பாய்களில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைப்பது அவருடைய முறை. 2000களின் தொடக்கத்தில் அவர் கந்தகத்தை முற்றிலும் நிறுத்தினார்.

துணிச்சலான முடிவு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குதித்ததாகச் சொல்ல முடியாது. நீண்ட ஊறல் கொடுத்த டானின் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. பாட்டிலையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்துக் கார்ஸோ பகுதியின் எதி கான்தே என்ற ஒயின்காரரோடு சேர்ந்து, குறுகிய கழுத்துள்ள ஒரு லிட்டர், அரை லிட்டர் பாட்டில்களை வடிவமைத்தார். கழுத்து சிறிதானால் கார்க்கும் சிறிது. கார்க்கின் பரப்புக்கும் ஒயினின் அளவுக்கும் உள்ள விகிதம் குறையும். உள்ளே கசியும் காற்றும் குறையும். கந்தகம் இல்லாத ஒயினுக்கு இந்த விகிதம் முக்கியம். வழக்கமான 750 மில்லி பாட்டிலை அவர் விட்டதற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள்: இரண்டு பேர் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் 750 போதாது. இது எனக்கு முந்தைய காரணத்தைவிட நம்பும்படியாக இருக்கிறது.

அவர் 2016இல் காலமானார். பண்ணையை மகன் சாஷா நடத்துகிறார். அப்பாவின் நீண்ட ஊறல் ஒயின்கள் அப்படியே தொடர்கின்றன. கூடவே, இரண்டு வாரத்துக்கு மிகாமல் தோலில் ஊறி, சீக்கிரம் பாட்டிலுக்கு வரும் இளம் வரிசை ஒன்றையும் மகன் தொடங்கினார். அதற்கு மட்டும் பாட்டிலில் அடைக்கும்போது சிறிதளவு கந்தகம் உண்டு. இந்தச் சின்னத் தகவல் மொத்த ஆய்வையும் எனக்குத் தெளிவாக்கியது. ஒரே நிலவறை, ஒரே ஆட்கள், ஒரே நம்பிக்கை. தோலும் காலமும் நிறைய இருக்கும்போது கந்தகம் பூஜ்யம். இரண்டையும் குறைத்தால் கந்தகம் திரும்ப வருகிறது. அது கொள்கைச் சறுக்கல் என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்குச் சரியாக இருக்கிறது.

கந்தகக் கணக்கு

சேர்க்கும் கந்தகம் எல்லாம் வேலை செய்வதில்லை. பெரும்பகுதி மற்றப் பொருட்களோடு ஒட்டிக்கொள்ளும். மிஞ்சும் கட்டற்ற கந்தகத்திலும், மூலக்கூறு வடிவில் இருக்கும் சிறு பங்குதான் நுண்ணுயிர்களைத் தடுக்கும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வது ஒயினின் பிஎச், அதாவது புளிப்பின் அளவுகோல்; எண் ஏறினால் புளிப்புக் குறைவு. வெள்ளை ஒயினுக்கு லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் மூலக்கூறு கந்தகம் வேண்டும் என்பது நிலவறைகளில் பழகிய அளவு. பிஎச் 3.2 இருந்தால் அதற்குச் சுமார் 21 மில்லிகிராம் கட்டற்ற கந்தகம் போதும். 3.6க்கு ஏறினால் கிட்டத்தட்ட 50 வேண்டும். இரண்டரை மடங்கு.

இங்கேதான் ஒரு சிக்கல். தோலோடு ஊறவைத்தால் தோலிலிருந்து பொட்டாசியம் இறங்கி பிஎச்சை ஏற்றிவிடும். ஒரு கையால் டானின் என்ற பாதுகாப்பைக் கொடுக்கிற தோல், மறு கையால் புளிப்பு என்ற பாதுகாப்பைப் பறிக்கிறது. ரிபொல்லாவுக்குப் பிறவியிலேயே புளிப்பு அதிகம் என்பதால் அந்த இழப்பைத் தாங்க முடிகிறது. வெயில் மிகுந்த இடத்தில் நன்கு பழுத்த, புளிப்புக் குறைந்த ரகத்தை எடுத்துக்கொண்டு இதே முறையைப் பின்பற்றினால் முடிவு வேறாகத்தான் இருக்கும்.

சட்டத்தின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில், இனிப்பில்லாத சாதாரண வெள்ளை ஒயினில் மொத்தக் கந்தகம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை போகலாம். 2012 அறுவடையிலிருந்து இயற்கை விவசாய (ஆர்கானிக்) ஒயினுக்குத் தனி விதி வந்தது. அதில் வெள்ளைக்கு 150. பிரான்ஸில் 2020இல் ஏற்கப்பட்ட ‘வான் மெத்தோட் நத்யூர்’ (இயற்கை முறை ஒயின்) அடையாளத்துக்கு 30தான் உச்சம். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே ‘சல்பைட் உள்ளது’ என்று லேபிளில் எழுத வேண்டும். ஈஸ்ட் தானாகவே பத்து, இருபது மில்லிகிராம் உண்டாக்கிவிடும் என்பதால், எதுவும் சேர்க்காதவர்களும் பல நேரங்களில் அப்படி எழுத வேண்டியிருக்கிறது.

தோட்டத்துக்கு மாறிய வேலை

நிலவறையில் குறைத்த வேலை எங்கும் ஆவியாகிப் போய்விடவில்லை, தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. கந்தகம் போட்டு அடக்கப் போவதில்லை என்றால் அழுகிய பழம் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது. தோலோடு மாதக்கணக்கில் ஊறப்போகிறது என்றால் தோலில் மருந்து எச்சம் இருக்கக்கூடாது. எனவே கையால் பறிப்பு, குலை குலையாகப் பார்த்துக் கழிப்பு.

ஓஸ்லாவியா இருக்கும் ஃப்ரியூலி, இத்தாலியின் மழை மிகுந்த பகுதிகளில் ஒன்று. மழை என்றால் அடிச்சாம்பல் நோய். இயற்கை விவசாயத்தில் இதற்கு உள்ள முக்கிய ஆயுதம் தாமிரம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை. சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள். தாமிரம் இயற்கைப் பட்டியலில் இருப்பதாலேயே அது சாது என்று நினைத்துவிடக் கூடாது. மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது. ஐரோப்பிய விதி 2019 முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்தது, சராசரியாக ஆண்டுக்கு நாலு கிலோ. மழை கொட்டும் ஆண்டில் அந்த வரம்புக்குள் நிற்பது லேசான காரியமில்லை. இயற்கைத் தோட்டத்து ஒயினைப் புகழ்கிறவர்கள் இந்தத் தாமிரப் பிரச்சினையைத் தொடாமல் கடந்துபோவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கிராவ்னர் செயற்கை மருந்துகளை விலக்கியதோடு நிற்கவில்லை. கொடிகளுக்கு நடுவே குளங்கள் வெட்டினார், மரங்கள் வைத்தார், பறவைகளுக்குக் கூடுகள் அமைத்தார். பூச்சி, தவளை, பறவை எல்லாம் திரும்ப வந்தால் தோட்டம் தன்னைத்தானே கொஞ்சம் பார்த்துக்கொள்ளும் என்பது எண்ணம். இதன் பலனை எண்ணில் காட்டுவது கடினம். நிலத்தில் ஒரு பங்கைக் கொடி இல்லாமல் விட்டார் என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிற செலவு.

கொடுத்த விலை

முதல் அடி பெயரில் விழுந்தது. ஒளி ஊடுருவும் வெளிர் மஞ்சளை எதிர்பார்த்த சந்தைக்கு, தேன் நிறத்தில், துவர்ப்போடு, சற்றே கலங்கலாக ஒரு வெள்ளை ஒயின் வந்தால் எப்படி இருக்கும்? முன்பு கொண்டாடிய விமர்சகர்களில் சிலர் முகம் சுளித்தார்கள், பழைய வாடிக்கையாளர்கள் விலகினார்கள். அந்தப் பகுதியின் உயர்தர அடையாளமான கோல்லியோ டிஓசி என்ற பெயர் இன்று கிராவ்னரின் பாட்டிலில் கிடையாது. விதிகள் தளர்ந்த வெனேசியா ஜூலியா ஐஜிடி என்ற பெயரில்தான் விற்கிறார்.

இரண்டாவது விலை பணம். ஏழு ஆண்டு வைத்திருந்து விற்கும் பண்ணையில், எந்த நேரத்திலும் ஆறேழு அறுவடைகள் விற்காமல் உள்ளே கிடக்கும். கூலி, கார்க், வரி எல்லாம் இன்று கொடுக்க வேண்டும். வரவு ஏழு ஆண்டு கழித்து. இந்த இடைவெளியைத் தாங்க அவருக்கு முன்பே சம்பாதித்த பெயரும் சொந்த நிலமும் இருந்தன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இரண்டும் இருக்காது. சாஷாவின் இளம் வரிசையை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம்.

மூன்றாவதாக, ரகங்களைக் கழித்தது. சார்டனே, சாவினியோன், பினோ கிரிஜோ, ரீஸ்லிங் இத்தாலிகோ ஆகியவற்றைக் கலந்து ப்ரெக் என்ற ஒயினையும் கிராவ்னர் செய்துவந்தார். அதற்கும் ரசிகர்கள் இருந்தார்கள். 2012 அறுவடையோடு அதை நிறுத்தி, அந்தக் கொடிகளைப் பிடுங்கினார். வெள்ளையில் இனி ரிபொல்லா மட்டும் போதும் என்றார். தன் மண்ணுக்கும் தன் முறைக்கும் எது பொருந்துகிறது என்று தெரிந்தபின் மற்றதை விட்டுவிடுவது, தாழி வாங்குவதைவிடக் கடினமான முடிவு என்று நினைக்கிறேன்.

உலகம் மெதுவாகப் பின்னால் வந்தது. 2004இல் பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் ஹார்வி என்ற ஒயின் வணிகர் இவற்றுக்கு ‘ஆரஞ்சு ஒயின்’ என்று பெயர் வைத்தார். 2020இல் சர்வதேச ஒயின் அமைப்பான ஓஐவி, தோலோடு ஊறிய வெள்ளை ஒயினைத் தனி வகையாக ஏற்று, குறைந்தது ஒரு மாத ஊறல் வேண்டும் என்று வரையறுத்தது. ஓஸ்லாவியாவிலேயே பிரிமோசிச், லா காஸ்தெல்லாதா, தாரியோ பிரின்சிச், ஃபியெல், இல் கார்பீனோ என்று பல பண்ணைகள் தோலோடு ஊறிய ரிபொல்லாவை ஊரின் அடையாளமாகவே முன்வைக்கின்றன.

கெட்டுப்போகும் வழிகள்

இதே முறையில் செய்து நாசமான ஒயின்களும் உலகில் ஏராளம். முதல் எதிரி காடி. ஐரோப்பாவில் வெள்ளை ஒயினில் ஆவியாகும் அமிலம், அசிட்டிக் அமிலக் கணக்கில் லிட்டருக்கு 1.08 கிராமைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டினால் ஒயின் என்று விற்க முடியாது. வரம்புக்குச் சற்றுக் கீழே இருந்து, நகப்பூச்சு வாடையோடு தப்பிப் பிழைக்கிற பாட்டில்களையும் ‘இயற்கையின் குணம்’ என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குகிறவர் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டாவது எதிரி இன்னும் தந்திரமானது. எலிக்கூண்டு வாடை என்பார்கள். முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. விழுங்கிப் பத்து வினாடி கழித்து நாக்கின் பின்பக்கத்திலிருந்து கிளம்பும். ஒயினின் புளிப்பில் அந்தப் பொருள் ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கிறது. எச்சில் பட்டுப் புளிப்புக் குறைந்ததும் விடுபடுகிறது. லாக்டிக் பாக்டீரியாவும் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டும் இதற்குக் காரணம். கந்தகம் இல்லாமல், பிஎச் ஏறி, காற்றும் பட்ட ஒயினில் இது வரும் வாய்ப்பு அதிகம். சிலருக்கு இந்த வாடை தெரியவே தெரியாது என்பதால், செய்தவரே உணராமல் பாட்டிலில் அடைத்துவிடுவதும் உண்டு. நிலவறையில் ஒருவர் மட்டும் சுவைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம். நீண்ட காலம் பீப்பாயில் வைத்திருந்தால் சில நேரம் இது தானாக அடங்குவதும் உண்டு. சீக்கிரம் விற்றாக வேண்டியவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

வேறு தோட்டத்தில் இதைச் செய்ய நினைப்பவருக்கு

மேலே சொன்னவற்றில் தாழி கடைசியாக வர வேண்டிய பொருள். ராதிகோன் மரத்தொட்டியிலேயே செய்து காட்டிவிட்டார். முதலில் பார்க்க வேண்டியது பழத்தின் புளிப்பும் தோலும். பறிப்பதற்கு முன்பும், தோலில் ஊற ஆரம்பித்த பிறகு வாரம் ஒரு முறையும் பிஎச் அளந்து எழுதி வைத்தால், பொட்டாசியம் எவ்வளவு புளிப்பைத் தின்கிறது என்று முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும். 3.5ஐ நெருங்கினால் கந்தகமே வேண்டாம் என்ற ஆசையை அந்தத் தொட்டியில் ஒத்திவைப்பது நல்லது. ஊறலை நிறுத்திப் பிழிவதா, சிறிதளவு கந்தகத்தோடு தொடர்வதா என்று அப்போது யோசிக்கலாம். முழு அறுவடையையும் இப்படிச் செய்யாமல் ஒரு தொட்டியை மட்டும் தனியே விட்டு, மற்றதைப் பழகிய வழியில் செய்து விற்றால் கையில் காசு இருக்கும். அந்த ஒரு தொட்டி மூன்று ஆண்டுகூடக் காத்திருக்கலாம்.